ஹாஸிரியும் பெரட்டும்: மலையகத்தின் வெறுவயிற்றுக் காலைகள்

‘ஹாழிர்’ என்ற அறபுச் சொல் நமக்குப் பழக்கமானது. ஓதற்பள்ளியில் பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று சொல்கின்ற சொல். ‘வந்திருக்கிறேன்’ என்று பொருள். அறபியில் ‘ழாத்’ ஆக இருக்கும் எழுத்தை உர்தூக்காரர்கள் ‘ஸ’ ஆக்கிச் சொல்வார்கள். அப்படித்தான் அது வட இந்தியாவில் ‘ஹாஸிரி’ ஆயிற்று. வருகைப் பதிவு, ஆளெண்ணுதல் என்பதெல்லாம் அதன் நேரான அர்த்தம்.

இந்தச் சொல்லுக்கு வெள்ளைக்காரன் வீட்டில் வேறோர் அர்த்தம் வந்தது. 1886இல் யூலும் பர்னலும் தொகுத்து வெளியிட்ட ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ அகராதி, வங்காளத்து ஆங்கிலேயர் வீடுகளில் ‘ஹாஸிரி’ என்றால் காலைச் சாப்பாடு என்கிறது. ஆளெண்ணும் சொல் எப்படிச் சாப்பாட்டுக்கு வந்தது என்று தொகுத்தவர்களுக்கே விளங்கவில்லை. இதோடு ‘சோட்டா ஹாஸிரி’ என்றும் ஒன்று உண்டு. சின்னக் காலைச் சாப்பாடு. விடிகாலையில் உடற்பயிற்சிக்கு முன்னரோ பின்னரோ எடுத்துக்கொள்ளும் தேநீரும் சிறு பண்டமும் என்று அந்த அகராதி விளக்கம் தருகிறது. சென்னைப் பக்கத்தில் இதையே ‘ஏர்லி டீ’ என்றார்களாம். குதிரை ஏறுவது, நடப்பது, தோட்டத்தைச் சுற்றி வருவது, பிறகு வந்து பெரிய சாப்பாட்டுக்கு உட்காருவது. வெயில் ஏறுமுன் உடம்பை அசைத்துவிட வேண்டும் என்பது கீழைத்தேயத்தில் வாழ வந்த ஐரோப்பியரின் ஆரோக்கிய விதி.

ஒரே சொல் ஒருவனுக்கு உணவாகவும் இன்னொருவனுக்கு ஆளெண்ணும் களமாகவும் இருந்ததை மலையகத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுதாக விளங்கும். காலையில் சாப்பிடுமுன் உடம்பை வருத்துவது என்ற விஷயத்துக்கு நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை ‘உடற்பயிற்சி’ என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நுவரெலியா என்ற ஊரே சுகம் தேடி உண்டாக்கிய ஊர். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் நோயுற்ற வெள்ளையர்களுக்கான ஆரோக்கிய வாசஸ்தலமாக இதை வளர்த்தெடுத்தார். காய்ச்சலில் நலிந்துபோன சாமுவேல் பேக்கர் இங்கே வந்து தேறி, அந்தக் குளிரில் மயங்கி, பிறகு ஆங்கிலக் கிராமம் ஒன்றையே இங்கே அமைக்கப் புறப்பட்ட கதை பலருக்கும் தெரியும். 1873இல் தேசாதிபதி கிரகரியின் காலத்தில் வாவி வந்தது. 1889இல் கொல்ஃப் கழகம் வந்தது. குதிரைப் பந்தயத் திடலும் உண்டு. குளிர்காற்றில் உடம்பை அசைத்தால் இரத்தம் சுத்தமாகும், பசி எடுக்கும், ஆயுள் கூடும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டியெழுப்பிய நகரம் இது. இன்றைக்கு ஸுபஹ் தொழுதுவிட்டு, மப்ளர் சுற்றிக்கொண்டு வாவியோரம் நடக்கிற நமது ஆட்கள் நடப்பதும் அந்தப் பழைய பாதையில்தான்.

அந்த நகரத்தைச் சுற்றியிருந்த மலைகளில் அதே குளிர், அதே விடியல். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருடத்தில் கோப்பியை இலைநோய் பிடித்தது. கோப்பி சாகச் சாகத் தேயிலை மலையேறிற்று. 1884இல் ரயில் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில் வந்து போன கூலியாட்கள் போதும். தேயிலைக்கு வருடம் முழுக்க, ஒவ்வொரு நாளும், ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். கொழுந்து காத்திருக்காது. ஏழெட்டு நாளில் திரும்பவும் அதே மலைக்கு வந்தாக வேண்டும். காலை நேரம் மலையகத்தில் இவ்வளவு கண்டிப்பான பொருளானதற்குத் தேயிலைச் செடியின் இந்தக் குணமும் ஒரு காரணம்.

அந்தக் கண்டிப்புக்குப் பெயர் ‘பெரட்டு’. பரேட் என்ற ஆங்கிலச் சொல்லின் தோட்டத்து உருவம். பட்டாளத்துச் சொல் என்பதைக் கவனிக்க வேண்டும். இருட்டோடு தப்பு அடிப்பார்கள். லயத்துச் சனம் எழும்பி, பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். துரை வருவார், அல்லது சின்னத்துரை வருவார். கணக்கப்பிள்ளை செக்றோலை விரித்துப் பெயர் கூப்பிடுவார். எந்த மலைக்கு யார், கொழுந்துக்கு யார், கவ்வாத்துக்கு யார், முள்ளுக்குத்த யார் என்று பிரித்து விடுவார்கள். பிந்தி வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். “பேரு விழாது” என்பது லயத்தில் காலை நேரப் பயம். பேர் விழவில்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. குறித்த இறாத்தல் வராவிட்டால் “அரப் பேரு”. பேர் என்பது மனிதனின் பெயராக இருந்த நிலை மாறி ஒரு நாள் கூலியின் அலகாக ஆனது மலையகத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் சாப்பாடு எங்கே இருந்தது என்று தேடினால், பெண்களின் கையில், இருட்டில், கணக்குக்கு வெளியே இருந்தது. நாலு மணி, நாலரை மணிக்கு எழும்பித் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பகலுக்கும் சேர்த்து ரொட்டி தட்டி, பிள்ளைகளைக் கழுவி, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஆணுக்கும் பிள்ளைக்கும் கொடுத்த பிறகு அவளுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு கோப்பைச் சாயத்தண்ணி. அதைக் குடித்தபடியே மலையேறுவாள். ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு போய், இடையில் தேத்தண்ணி நேரம் விட்டால் தின்பாள், விடாவிட்டால் பகல்வரை காத்திருப்பாள். சாய்ந்த மலையில், ஈரப் புல்லில், அட்டை கடிக்க, முதுகில் கூடை கனக்க இரண்டு மூன்று மணி நேரம். இதை இன்றைய உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் கண்டால் அதற்கு ஒரு பெயரும் அட்டவணையும் கொடுத்திருப்பார்.

சட்டத்துக்கும் காலைச் சாப்பாடு தெரியாது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வேலைநாளை ஒன்பது மணித்தியாலம் என்று வகுத்தது. அதற்குள்ளே மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாத நேரத்தையும் அடக்கிற்று. பெரிய வெற்றி அது, மறுப்பதற்கில்லை. அந்தச் சட்டத்தின்படி 1929இலிருந்து மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. ஆனால் காலை உணவு வேலைநாளுக்கு முந்திய விஷயம், அது தொழிலாளியின் சொந்தப் பாடு என்றே விடப்பட்டது. ஆணும் பெண்ணும் சமசம்பளம் வாங்க 1984 வரை காத்திருக்க வேண்டி வந்ததென்றால், பெண்ணின் அந்த இருட்டு மணித்தியாலத்தை யார் கணக்கெடுத்திருக்கப் போகிறார்கள்?

நம்மவர்கள் இந்தக் கதையில் எங்கே என்று கேட்கலாம். இந்திய வம்சாவளி முஸ்லிம்கள் லயங்களிலும் சிறு தொகையாக இருந்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் இருந்தது தோட்டப்புற நகரங்களின் கடைவீதிகளில். கடைக்காரரும் பேக்கரிக்காரரும் விடியுமுன் எழும்பியவர்கள்தான், ஆனால் அடுப்பும் மாவும் அவர்கள் பக்கம் இருந்தன. அது சின்ன வித்தியாசமல்ல. 1956இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை உண்டாக்கிய அப்துல் அஸீஸைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம் மேடையும் பிளவும் பாராளுமன்றமுமே வருகின்றன. அவர் முன்னால் திரண்டு நின்ற சனம் எத்தனை மணிக்கு எழும்பிற்று, என்ன தின்றுவிட்டு வேலைக்குப் போயிற்று என்பது நமது வரலாற்றெழுத்தில் இன்னும் ஏறவில்லை.

இங்கே இன்னோர் ஒப்பீடும் மனதில் வருகிறது. றமழான் மாதத்தில் நமது ஊர்களில் பக்கீர் பாவாமார் றபான் அடித்து ஸஹருக்கு எழுப்புவார்கள். அதுவும் இருட்டில் கேட்கின்ற தோல்வாத்தியம்தான். அது சாப்பிட எழுப்புகிறது. பகல் முழுக்கப் பசித்திருக்கப் போகிறவன் முதலில் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளட்டும், அதில் பரக்கத் உண்டு என்பது அதன் தாத்பரியம். தோட்டத்துத் தப்பு சாப்பாட்டுக்காக எழுப்பவில்லை. அதை அடித்தவரும் சாதியின் பெயரால் அந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டவர். அவரும் அதே வெறுவயிற்றோடுதான் அடித்தார்.

நோன்பு நோற்பதையும் வெறுவயிற்று உழைப்பையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. நோன்புக்கு நிய்யத் இருக்கிறது, ஸஹர் இருக்கிறது, முடிகிற நேரம் இருக்கிறது, பிரயாணிக்கும் நோயாளிக்கும் சலுகை இருக்கிறது. பெரட்டில் இவை ஒன்றுமில்லை.

நமது பழைய வைத்தியம் இதுபற்றி என்ன சொன்னது என்பதையும் பார்த்துவிடலாம். 1037இல் மறைந்த இப்னு ஸீனா ‘அல்கானூன்’ நூலில் உடற்பயிற்சிக்கு ஒரு தனிப் பகுதியே வைத்திருக்கிறார். முந்திய உணவு நன்றாகச் செரித்து முடிந்து, அடுத்த உணவின் வேளை வரும்போது பயிற்சி செய்வதே உகந்தது என்பது அவர் கருத்து. இதுவரை படித்துவிட்டு ‘வெறுவயிற்றில் செய்யச் சொன்னார்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் உடம்பு காய்ந்து வெறுமையாகக் கிடக்கும்போது பயிற்சி செய்வதை அவர் விரும்பவில்லை. இரண்டில் ஒன்று என்று வந்தால் வெறும் வயிற்றைவிட நிறைந்த வயிறு மேல் என்றும், குளிர்ந்து வறண்ட உடம்பைவிடச் சூடும் ஈரமும் உள்ள உடம்பு மேல் என்றும் போகிறது அவர் விளக்கம். செரித்து முடிந்த வயிறும் பட்டினி வயிறும் வேறு வேறு என்ற இந்த நுணுக்கம் முக்கியமானது. முதல்நாள் இரவு நிறைவாகச் சாப்பிட்டவனின் காலை வயிறு ஒன்று, முதல்நாள் இரவும் அரைவயிறாய்ப் படுத்தவளின் காலை வயிறு இன்னொன்று.

இந்த இரண்டாவது வயிற்றுக்குள் வேறொரு பங்காளியும் இருந்தான். கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் பாதத்தைத் துளைத்து ஏறி, குடலில் தொங்கி இரத்தம் குடிக்கிற புழு. மலசலகூடம் இல்லாத லயங்களும் நனைந்த மலைகளும் அதற்குச் சொர்க்கம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை வெள்ளையரிடம் இதைக் கண்டுபிடித்தபோது பத்திரிகைகள் ‘சோம்பேறித்தனத்தின் கிருமி’ என்று கேலி பண்ணின. நோயாளியைச் சோம்பேறி என்று ஏசியவர்களுக்கு அது ஒரு பதில்தான். அங்கே இதை ஒழிக்கப் புறப்பட்ட ரொக்ஃபெல்லர் அமைப்பு பின்னர் கடல் கடந்தது. 1916இல் இலங்கையில் மாத்தளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வேலையைத் தொடங்கிற்று.

அந்தச் சிகிச்சை எப்படியிருந்தது தெரியுமா? முதல்நாள் சாப்பாட்டைக் குறைத்துப் பேதி மருந்து கொடுப்பார்கள். மறுநாள் விடிகாலை, வெறுவயிற்றில், தைமோலோ செனோபோடியம் எண்ணெயோ. அதற்குப் பின் இன்னொரு பேதி. எல்லாம் முடிந்தே கஞ்சி. தலைசுற்றலும் வாந்தியும் வரும். அன்றைக்கு மலைக்குப் போக முடியாது. பேர் விழாது. மருந்துக்காரரைக் கண்டு சனம் ஒளிந்ததென்றால் அறியாமையால் மட்டுமல்ல. துரைமாருக்கும் ஒரு நாள் வேலை கெடுவது பிடிக்கவில்லை. காலும் மண்ணும் லயமும் அப்படியே இருந்ததால் புழு திரும்பி வந்தது. இந்த இயக்கத்தை ஆராய்ந்து சோம ஹேவா 1995இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். மலையகத்து உடம்பின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது.

1970களில் கதை இன்னோர் இடத்துக்கு வந்தது. கலிபோர்னியாவின் எட்ஜர்ட்டன், கார்ட்னர் ஆகியோரும் இலங்கையின் வைத்தியர் பிரையன் சேனவிரத்னவும் மற்றவர்களும் சேர்ந்து தேயிலைத் தோட்டப் பெண்களை ட்ரெட்மில்லில் ஏற்றிப் பார்த்தார்கள். ஓடும் பட்டியில் நடக்கவிட்டு, இதயத் துடிப்பையும் இரத்தத்தையும் அளந்தார்கள். மலையகப் பெண்ணின் கால்நடையை ‘உடற்பயிற்சி’ என்ற பெயரில் விஞ்ஞானம் பார்த்த சந்தர்ப்பங்களில் இது முக்கியமானது. 1977இல் வெளியான கட்டுரையில் 75 பெண்கள். அவர்களில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 6 கிராம் அளவுக்கு இறங்கியவர்களும் இருந்தார்கள். 12 கிராமுக்குக் கீழே போனாலே இரத்தசோகை என்பது பெண்களுக்கான பொதுக் கணக்கு. இரத்தம் குறையக் குறைய நடக்கிற நேரமும் குறைந்தது, இதயம் வேகமாக அடித்தது.

1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த அவர்களின் அடுத்த கட்டுரை இன்னும் நேராகப் போயிற்று. ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரை, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு மாதத்தில், இரத்தம் ஏறியவர்கள் முன்னைவிடக் கூடுதலாகக் கொழுந்தெடுத்தார்கள். மிக மோசமாக இரத்தம் குறைந்திருந்தவர்களிடம் முன்னேற்றம் அதிகம். வேலையில் மட்டுமல்ல, நாள் முழுவதுமான அவர்களின் அசைவும் கூடியிருந்தது.

அருமையான ஆய்வு. என்றாலும் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. பெண்ணின் உடம்பு தேறிற்றா என்பதற்கு இங்கும் கொழுந்து நிறுக்கிற தராசே சாட்சிக்கு வந்திருக்கிறது. அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1973, 74இல் மாவும் சீனியும் அரிசியும் தட்டுப்பட்டு, தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலத்தை அடுத்த வருடங்கள் அவை. இரும்புச்சத்து மாத்திரைக்கு அவர்களின் உடம்பு அப்படி ஏங்கி நின்றதில் ஆச்சரியமில்லை.

இதில் தேத்தண்ணிக்கும் ஒரு பங்கு உண்டு. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது வெகுவாகக் குறைகிறது என்று 1975இல் டிஸ்லரும் கூட்டத்தாரும் காட்டினார்கள். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருளே காரணம். இறைச்சியும் மீனும் அடிக்கடி சாப்பிடுகிறவனுக்கு இது பெரிய நட்டமில்லை. மாரொட்டியும் சாயத்தண்ணியுமாய்க் காலையைத் தள்ளுகிறவளுக்கு நட்டம். தான் பறித்த இலையே தன் இரத்தத்தைக் குறைத்த கதை இது. லயத்துப் பெண்களிடம் சொன்னால், “அதையும் விட்டுட்டா எதக் குடிச்சிட்டு மலைக்குப் போறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

வெறுவயிற்றில் நடப்பது நல்லதா கெட்டதா என்று இப்போது நமது வாசகர்களும் கேட்கிறார்கள். வெறுவயிற்றில் உடம்பை அசைக்கும்போது கொழுப்பு சற்றுக் கூடுதலாக எரிகிறது என்பது உண்மை. ஆனால் எடை குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2014இல் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 20 இளம் பெண்களை இரண்டாகப் பிரித்து, நாலு வாரம், ஒரு பிரிவை வெறுவயிற்றிலும் மற்றப் பிரிவைச் சாப்பிட்ட பின்னும் பயிற்சி செய்ய வைத்தார்கள். இரு பிரிவினருக்கும் எடை குறைந்தது, ஒன்றுக்கொன்று வித்தியாசம் காணவில்லை. சின்ன ஆய்வுதான். ஆகவே, சுகமாக இருக்கிறவர் விரும்பினால் சாப்பிடாமல் நடக்கட்டும், விரும்பாவிட்டால் இரண்டு பேரீச்சம்பழம் தின்றுவிட்டு நடக்கட்டும். இன்சுலின் போடுகிறவரும் சில வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவரும் வைத்தியரைக் கேட்காமல் வெறுவயிற்றில் வேகநடை போகக் கூடாது. சீனி சடாரென்று இறங்கிவிடும்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போதே, எந்தக் காலையில் சாப்பிடுவது, எதைச் சாப்பிடுவது என்று தெரிவு செய்ய முடிந்தவர்களுக்கான கேள்வி இது என்பதும் தெரிந்துவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் 17.3 வீதம். தோட்டப்புறத்தில் 31.7 வீதம். இரத்தம் குறைந்த தாய், எடை குறைந்த குழந்தை, வளர்த்தி குறைந்த பிள்ளை என்று அது தலைமுறை தாண்டிப் போகிறது.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கொம்பனிகளின் கைக்குப் போன பிறகு பெரட்டின் முறைகள் இடத்துக்கிடம் மாறிவிட்டன. தப்பை இப்போது காமன் கூத்திலும் கலைவிழாக்களிலும் கேட்கிறோம். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிக் கொடுத்த மலைநாட்டுப் பாடல்களைப்போல, காலைச் சாப்பாட்டின் கதையையும் யாராவது வாய்மொழியாகத் திரட்ட வேண்டும். துரைமாரின் நாட்குறிப்புகளில் பெரட்டு நேரமும் மழையளவும் கொழுந்துக் கணக்கும் இருக்கும், ரொட்டியைப் பற்றி இருக்காது. பழைய பெரட்டுக் களத்தில் நின்ற கிழவிமார் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாக் கடைவீதிகளில் தோட்டத்துக்குப் பாக்கிக்கு மாவு கொடுத்த குடும்பங்களின் பழைய கொப்பிகளும் சில வீடுகளிலாவது கிடக்கக்கூடும். எந்த மாதத்தில் எவ்வளவு மாவு போயிற்று, எப்போது குறைந்தது என்பதை அந்தக் கொப்பிகளிலிருந்து எடுக்கலாம். அப்படி எதுவும் வைத்திருப்பவர்கள் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி வைக்கட்டும்.